எல்லாம் தெரிந்த பிள்ளை

வேலை இல்லாதவனுக்கு மரியாதையான பெயர் தன்னார்வலர். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைகழுவிவிட்டோம். இப்போது மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் வீட்டாரோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறேன். வாய்தான் இந்தத் தொழிலுக்கு நான் போட்ட முதல்.

எங்கள் தெருவில் மீன் விற்கும் ஒரு அக்கா. அவர் மகனுக்கு என் வயது. புத்தி மட்டும் மூன்று வயதில் நின்றுவிட்டது. விடியுமுன் காசிமேட்டு ஏலத்துக்குக் கிளம்பும்போது அவன் காலைக் கட்டிலோடு கட்டிவிட்டுப் போவார். கட்டாமல் விட்ட ஒரு நாள், எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். கயிறு உரசி அவன் கணுக்கால் கருத்துப்போயிருக்கிறது.

திருவொற்றியூரில் ஒரு பகல் காப்பகத்தில் இடம் காலியானது. குறைபாடு கடுமையானது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் சேர்ப்பார்கள். டாக்டர் வரும் மருத்துவ முகாமுக்கு அழைத்துப் போக அக்கா வீட்டுக்குப் போனேன். அவன் இஸ்திரி போட்ட சட்டையும் பவுடரும் படிய வாரிய தலையுமாக நின்றான்.

"இன்னா யக்கா, பொண்ணு பாக்கவா இட்னு போற?"

"சும்மா கெட நைனா. டாக்டராண்ட கலீஜா நிக்க வெப்பனா?"

சிரித்துவிட்டேன். சட்டையோடு அவர் நிறுத்தவில்லை என்பது முகாமில்தான் தெரிந்தது.

டாக்டர் பெயர் கேட்டார். சொன்னான். தெருவைக் கேட்டார். சொன்னான். பேனாவைக் காட்டினார். "பேனா!" ஒவ்வொரு பதிலுக்கும் அக்காவின் உதடுகள் கூடவே அசைந்தன.

"பரவாயில்லையே. லேசான குறைபாடுதான்" என்று எழுதத் தொடங்கினார் டாக்டர்.

"சார், அல்லாம் மனப்பாடம் சார்! வெளிக்கி போனா கழுவிக்கத் தெரியாது அவனுக்கு. யக்கா, நீ சொல்லேன். கயித்த சொல்லு!"

பின்னால் வரிசையில் எங்கள் தெருக்காரர்கள் நின்றார்கள். அவனை லூசு என்று கூப்பிடுகிறவர்கள். அவனோ எல்லாம் சரியாகச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் அம்மாவின் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எம் புள்ளைக்கு அல்லாம் தெரியும் சார்" என்றார் அக்கா.

டாக்டர் என்னைப் பார்த்தார். "பெத்தவங்களே சொல்றாங்க. நீ யாருப்பா நடுவுல?"

என் முதல் அங்கேயே திவாலானது. அடுத்த முகாம்வரை அந்த இடம் காத்திருக்காது.

ஆட்டோவில் கத்தினேன். "இன்னாத்துக்கு யக்கா அப்டி சொன்ன? சீட்டு பூட்ச்சே!"

"அவன் எதிர்லயே, ஒண்ணும் தெரியாதவன்னு பெத்த வாயால எப்டி நைனா சொல்றது?"

நடுவில் உட்கார்ந்து "பேனா, பேனா" என்றபடியே வந்தான் அவன்.

காலையில் விற்காத மீன் ஐஸில் கிடந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா கூடையை எடுத்தார். அதைப் பார்த்ததும் அவன் இஸ்திரி கலையாத சட்டையோடு கட்டிலில் போய் உட்கார்ந்து, தானாகவே காலை நீட்டினான்.

அக்கா அசையவில்லை. கதவோரம் கிடந்த கயிற்றை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.