கோடுகள் வெட்டிக்கொள்ளாது

கோகிலவாணிக்கு வாய் அடங்காது. சேந்தமங்கலத்திலிருந்து பஸ் ஏறிப் போய் வேலை பார்த்த இரண்டு பள்ளிக்கூடங்களை அந்த வாய்தான் தின்றது. நாமக்கல் ரோட்டோரம் விடுதியோடு இருக்கும் இந்தப் பள்ளி மூன்றாவது. பிளஸ் டூவுக்கு இயற்பியல் டீச்சர். "இங்கியாவது கம்முனு இரு சாமி" என்று சொல்லித்தான் அம்மா தினமும் சோற்று டப்பாவைக் கையில் கொடுப்பாள்.

கம்மென்று இருக்கலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். வாசல் சுவர் விடவில்லை.

அட்மிஷன் நேரம். பெற்றோர் கண்ணில் படட்டும் என்று தாளாளர் கந்தப்பன் சுவரில் மின்புலக் கோடுகளைப் பெரிதாக வரையச் சொல்லியிருந்தார். பெயின்டர் நேர் மின்னூட்டம் ஒன்று, எதிர் மின்னூட்டம் ஒன்று என இரண்டு புள்ளி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அந்தப் பக்கம் வந்தார் தாளாளரின் மனைவி ராஜம்மாள். மார்கழியில் தெருவே நின்று பார்க்கும் கை. புள்ளியைக் கண்டால் நிற்குமா? இரண்டையும் வளைத்துப் பின்னி, சாக்பீஸால் அருமையான சிக்குக் கோலம் போட்டுவிட்டார். சாப்பிட்டு வந்த பெயின்டரும், படம் அதுதான் என்று நினைத்து, அந்தக் கோடுகள் மேலேயே வண்ணம் தீட்டிவிட்டார்.

அழகுதான், சந்தேகமே இல்லை. ஆனால் கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றி வரும், கோட்டைக் கோடு வெட்டும். மின்புலக் கோடோ நேர் மின்னூட்டத்தில் கிளம்பி எதிர் மின்னூட்டத்தில் போய் முடியும். ஒன்றையொன்று வெட்டவே வெட்டாது. வெட்டுகிற இடத்தில் ஒரு மின்னூட்டத்தை வைத்தால், அது ஒரே நேரத்தில் இரண்டு பக்கமுமா ஓடும்?

"அழிச்சிரலாமுங்க சார்" என்றாள்.

"ஏனுங் டீச்சர், வர்றவங்க கோட்டை எண்ணியா பாக்கப் போறாங்க? அழகா இருக்குதில்லீங்க?" என்றார் கந்தப்பன்.

"புள்ளைங்க பரீட்சையில இதையே போட்டுட்டு வந்தா?"

"எங்கூட்டம்மா போட்டதுங்க. தொட்டீங்கன்னா வேலைய மறந்திருங்க."

அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. நாலாவது பள்ளிக்கூடத்துக்கு எங்கே போவது? பயத்தைவிடக் கோபம் அதிகமாக வந்தது. தப்பென்று தெரிந்த படத்தைத் தாண்டி வந்து, எந்த முகத்தோடு பாடம் நடத்துவது?

மறுநாள் காலை பெற்றோர் கூட்டம் நிற்கும்போதே, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு புள்ளிகளை மட்டும் விட்டுச் சுவருக்கு வெள்ளை அடித்தாள். காய்ந்ததும் கோடு போட ஆரம்பித்தாள். கந்தப்பன் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"போதும். இப்பவே ஊட்டுக்குக் கெளம்புங்க!"

பாதி வந்திருந்த கோட்டிலிருந்து அவள் பிரஷ்ஷை எடுக்கவில்லை.

"கெளம்பறனுங்க சார். இந்தக் கோடு நேர்ல கெளம்பிருச்சு. எதிர்ல போய்ச் சேராம நடுவுல நிக்காதுங்க."