எல்லையில் தலை எண்ணுவார்கள்

மாநில எல்லையை மாற்றியதில் திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய், நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்ட சமயம் அது. என் தாய்வீடு திருத்தணிக்கு அருகே. வாழ்க்கைப்பட்டது நகரிக்கு அருகே. வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு அம்மாவிடம் போக நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, மாமியார் பெட்டியைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டார்.

"நீ போவ வாணாம். எல்லையில கேட் போட்டுட்டாங்களாம். தலைய எண்ணித்தான் உடுவாங்களாம். போவசொல்ல ஒருத்தி, வரசொல்ல ரெண்டு பேருன்னா உடுவானா? கொழந்தைய அங்கியே புடிச்சி வெச்சிக்குவான்."

சந்தையில் யாரோ அளந்துவிட்ட கதை. மாமியாருக்கு அது வேதவாக்கு. என் வீட்டுக்காரரோ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கழனிக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா பக்கத்தில் இல்லாமல் பெற்றுக்கொள்ளப் பயமாகவும் இருந்தது. அதை மட்டும் வெளியே சொல்லவில்லை.

"அத்தே, நீங்களும் என்கூட வாங்க. எங்க தலைய எண்றாங்களோ, அங்கியே எறங்கி வூட்டுக்குத் திரும்பிடலாம்" என்றேன்.

மறுநாள் காலையில் பஸ் ஏறினோம். மாமியார் நிலப் பட்டா, வரி ரசீது, என் கல்யாணப் பத்திரிகை என்று வீட்டில் அகப்பட்ட காகிதத்தையெல்லாம் துணிப்பையில் திணித்து மடியில் இறுக்கிக்கொண்டார். பஸ் நிற்கும்போதெல்லாம் என் கையைப் பிடிப்பார். யாரும் வந்து எண்ணுகிற வழியாக இல்லை. கடைசியில் சலித்துப்போய், வாங்கிவந்த அவித்த வேர்க்கடலையை உரிக்க ஆரம்பித்தார்.

"எறங்குங்க அத்தே. எங்க ஊரு வந்துடுச்சி."

"இன்னாது? எல்லை எங்கடீ?"

"அது அப்பவே பூட்ச்சி. நீங்க கடலை துன்னுக்கினு இருந்தீங்க."

பஸ் வந்த ரோட்டை அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் பஸ்ஸில் குலுங்கிவந்த இடுப்புவலியே எனக்கு மறந்துபோனது.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும், எங்களை அழைத்துப்போக மாமியாரே தனியாகப் பஸ் ஏறி வந்தார். அதே துணிப்பைதான். உள்ளே ஒரு காகிதம் இல்லை. எல்லாம் பேத்திக்குச் சட்டைகள். திரும்பும்போது அவளை நான் தொடக்கூட விடாமல் தாமே நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நகரியில் இறங்கும்போது படியிலேயே நின்று, பஸ் முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

"போவசொல்ல ரெண்டு பேரு, வரசொல்ல மூணு பேரு. எவனாச்சும் கேட்டானா?"