மணற்காட்டில் என் கணவரைத் தேடிய காலை

"ஐயா எங்கம்மா, தோட்டத்துக்குப் போயிட்டாரா?"

சண்டிலிப்பாயில் ஒரு வீட்டு வாசலில் நின்று என் கணவர் சிரித்த முகத்தோடு இப்படிக் கேட்டார். அந்த ஐயாவை ஐந்து வாரங்களுக்கு முன்புதான் அடக்கம் செய்திருந்தோம். கல்லறையில் ஜெபம் செய்தவரே என் கணவர்தான்.

நான் இருமிப் பேச்சை மாற்றினேன். ஐயாவின் மனைவி மலர் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், "உள்ளை வாங்கோ" என்று மட்டும் சொன்னார்.

எங்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் கிரேஸ். கணவர் சாமுவேல். நாங்கள் பண்டாரவளைக்காரர்கள். அவர் ரயில் நிலைய அதிபராக இருந்தவர். நான் பள்ளிக்கூட ஆசிரியை. இருவரும் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் சபை எங்களை இரண்டு வருட ஊழியத்துக்காக யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. அரியாலையில் கடலேரிக்குப் பக்கத்தில் வாடகை வீடு. காலையில் நோயாளிகளின் வீடுகளுக்குப் போவோம். பின்னேரம் நான் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பேன்.

சனிக்கிழமை மட்டும் எங்களுடையது. சோற்றுப் பொதியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவோம். கோட்டை மதில், நிலாவரைக் கிணறு, காரைநகர்க் கடற்கரை என்று ஒன்றையும் விடவில்லை. அறுபத்தெட்டு வயதில் காற்சட்டையை மடித்துக்கொண்டு அலைக்குள் நின்று சத்தம் போட்டுச் சிரிப்பார். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இப்படிச் சுற்றியதில்லை. அப்போது பெருநாளிலும் அவருக்கு ரயில் இருந்தது.

அந்த நாட்களில்தான் இது தொடங்கியது. ஒரே ஜெபத்தை இரண்டு தடவை செய்வார். கைத்தொலைபேசியை எங்கேயாவது வைத்துவிடுவார். அதனால் அதையும் என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வீட்டுப் படலையிலும், "இது இன்னார், கால் வருத்தம்" என்று அவர் காதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவேன். யாருக்காவது தெரிந்தால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று பயம். தினமும் ஒரே விண்ணப்பம்தான்: "ஆண்டவரே, இவரைச் சுகமாக்கும். ஒருவருக்கும் தெரியாமல் சுகமாக்கும்."

மாதங்கள் போயின. பதில் இல்லை. நான் சோர்ந்துபோனேன்.

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பருத்தித்துறை வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ஓட்டோவில் மணற்காட்டுக்குப் போனோம். மணலில் பாதி புதைந்த பழைய கிறிஸ்தவக் கோயிலைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. காலை ஒன்பது மணியே ஆகவில்லை, மணல் சுட ஆரம்பித்துவிட்டது. உடைந்த சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். "எவ்வளவு அழகாக் கட்டியிருக்காங்க பாரு" என்றார். நான் செருப்புக்குள் போன மணலைத் தட்டக் குனிந்தேன். அறுந்திருந்த வாரைச் சரிசெய்து நிமிர்ந்தபோது அவர் இல்லை.

கூப்பிட்டேன். மேட்டில் ஏறிப் பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மணல் மேடு, சவுக்கு மரம். அவருடைய கைத்தொலைபேசி என் பைக்குள் இருந்தது. ஊர்ப் பெயரைக்கூட அவரால் சொல்ல முடியாமல் போனால்? கடல் பக்கம் போயிருந்தால்? மணலில் அப்படியே விழுந்து முழங்காலில் நின்றேன். வழக்கமாகச் சொல்லும் வார்த்தை ஒன்றும் வரவில்லை. "யாருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை. அவரைத் தாரும்." அவ்வளவுதான் கேட்டேன்.

எழுந்து ஓடினேன். கரையோரம் ஒரு பெண் பாயில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, ஏன் அழுறியள்?"

"என் வீட்டுக்காரரைக் காணோம்மா. அவருக்கு... அவருக்கு ஞாபகம் சரியில்லை."

அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"பயப்பிடாதேங்கோ. வாங்கோ, கோயில் ஸ்பீக்கரிலை சொல்லுவிப்பம்" என்று என் கையைப் பிடித்து நடந்தார். கையெல்லாம் மீன் வாசம். அந்தக் கையை நான் விடவேயில்லை.

ஊரின் கத்தோலிக்கக் கோயிலிலிருந்து ஒலிபெருக்கி முழங்கியது: "வெள்ளைச் சேட்டுப் போட்ட, வயது போன ஐயா ஒருத்தரைக் காணேல்லை. பேர் சாமுவேல். அவருக்கு ஞாபகமறதி இருக்குது. காணுற ஆக்கள் கோயிலடிக்குச் சொல்லி அனுப்புங்கோ."

எட்டு மாதம் நான் மூடி மூடி வைத்ததை ஊரே கேட்டது. ஆனால் எனக்கு வெட்கம் வரவில்லை. வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வருவதைப் பார்த்து அழுகைதான் வந்தது. மூன்று மோட்டார் சைக்கிள்கள் மூன்று பக்கம் போயின.

அரை மணி நேரத்தில் ஒன்று திரும்பி வந்தது. "அம்மா, ஐயா அங்காலை கரைவலை இழுக்கிறார்!"

நான் போனபோது இருபது பேரோடு அவரும் கயிற்றைப் பிடித்திருந்தார். சேட்டு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும், "எங்க போயிட்ட கிரேஸ்? உன்னையத் தேடித்தான் வந்தேன். இவங்க ஆள் குறையுதுன்னாங்க" என்றார். பக்கத்தில் நின்றவர், "நல்லா இழுக்கிறார் அம்மா, விடுங்கோ" என்றார். வலை கரையேறும்வரை விட்டேன். அவருக்கும் பங்கு என்று ஒரு பை நிறைய மீன் தந்தார்கள்.

மறுநாள் ஆராதனையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஊருக்குப் போகச் சொன்னாலும் போகிறோம் என்றேன். பிறகு சண்டிலிப்பாய் மலர் எழும்பி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் அக்கா. செத்தவீடு முடிஞ்சாப் பிறகு என்ரை மனிசனைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்லை. இவர் ஒருத்தர்தான் 'ஐயா எங்கை' எண்டு கேட்டவர். எனக்கு அது ஆறுதலாத்தான் இருந்தது. நீங்கள் போகக் கூடாது."

நாங்கள் போகவில்லை. நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் ஒரு சகோதரர் இப்போது அவரோடு வீடுகளுக்குப் போகிறார். மருத்துவர் மருந்து தந்திருக்கிறார். ஞாபகம் முழுதாகத் திரும்பாது என்றும் சொல்லிவிட்டார். நான் கேட்ட சுகம் இன்னும் கிடைக்கவில்லை. மறைக்காமல் சொல்கிறேன், இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் தனியாகக் கேட்கவில்லை. இராத்திரியில் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

பிரியமானவர்களே, உங்களுக்குள்ளும் யாருக்கும் தெரியாமல் தூக்கிச் சுமக்கிற ஒன்று இருக்கலாம். ஆண்டவரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். ஆண்டவருடைய உதவி மீன் வாசம் வீசும் கையாகவும் வரும். அந்தக் கையை நான் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமைப் பயணத்தை நாங்கள் நிறுத்தவில்லை. போன கிழமை நெடுந்தீவுக்குப் போனோம். காட்டுக் குதிரைகள் மேய்வதைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்.

"நாம இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கமா?"

"வந்திருக்கோம். ரெண்டு தடவை."

"நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு குதிரைகளை எண்ணத் தொடங்கினார்.