இரண்டு பேரும் பேசும்போது

அலுவலகத்தில் அவளுக்குப் பாம்புச்செவி என்று பெயர். மீட்டிங் மேஜையின் நடுவில் வைத்துப் பேசுகிற ஸ்பீக்கர் போனுக்கு மென்பொருள் எழுதும் இடம் அது. எதிர்முனைக்காரர் குரல் ஸ்பீக்கரில் வந்து, சுவரில் பட்டு, மறுபடி மைக்குக்குள் புகுந்தால் அவர் பேசியது அவருக்கே திரும்பக் கேட்கும். அந்த எதிரொலியைக் கண்டுபிடித்துக் கழிப்பதுதான் அவள் வேலை. பதினோரு வருஷமாக ஹெட்போன் மாட்டிக்கொண்டு அடுத்தவர் பேச்சைக் கேட்கிறாள். "ஒட்டுக்கேக்கறதுக்குச் சம்பளம் குடுக்கிற ஒரே ஆபீஸ் நம்மளதுதான்" என்பார் மேனேஜர்.

அவள் அம்மா துணி தைப்பவள். தையல் மெஷினை விட்டுக் கை நகராது. அதனால் சோதனைக்கான போன் ஒன்றைக் கொண்டுவந்து துணிக்குவியலுக்குப் பக்கத்தில் வைத்தாள் மகள். ஒரு மாசம் பேச்சு முழுக்கப் பதிவாகும் என்று சொல்லி அம்மாவிடமும், தினமும் அவளோடு போனில் பேசும் சித்தியிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டாள்.

"பதிஞ்சுக்கோடி. நாங்க என்ன ராஜரகசியமா பேசறோம்?" என்றாள் சித்தி.

அந்த மாசம்தான் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். சித்தி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் போன் பண்ணி, "நேத்து போனை எடுக்கலையே, எங்கே போயிட்டே அக்கா?" என்று சாவகாசமாகக் கேட்டாள். கட்டுப்போட்ட கண்ணோடு படுத்திருந்த அம்மா பட்டென்று போனை வைத்துவிட்டாள். அதோடு பேச்சு நின்றது. மூன்று வாரம்.

"நான் தேதியோட சொன்னேன். காதுல வாங்காம அவ கதையையே சொல்லிட்டிருந்தா. ரெண்டாம் தரம் கெஞ்சணுமா?" என்றாள் அம்மா.

"சத்தியமா அவ சொல்லலை" என்றாள் சித்தி.

அம்மா பொய் சொல்பவள் இல்லை. சித்திக்கு யானை ஞாபகம். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? இந்தக் கேள்வி மகளைக் குடைந்தது. மதியச் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுப் பதிவுகளை எடுத்தாள். மைக் கேட்டது ஒரு பதிவு. லைனில் சித்திக்குப் போனது இன்னொன்று.

முதல் பதிவில் சித்தி தண்ணீர்த்தொட்டி ஒழுகுகிற கதையை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அதன் நடுவே அம்மாவின் குரல்: "பதினாலாந்தேதி கண்ணு ஆபரேஷன், நீ வந்துடு." லைனில் போன பதிவில் அந்த இடத்தில் வெறும் அமைதி. எதிர்முனை பேசும்போது மைக்கில் மிஞ்சுகிற சத்தமெல்லாம் எதிரொலியின் மிச்சம்தான் என்று மென்பொருள் அமுக்கியிருந்தது. அவள் எழுதிய மென்பொருள்.

இத்தனை வருஷம் இது எப்படித் தப்பியது? சோதனைப் பதிவுகளைத் தேடிப் பார்த்தாள். கூலிக்கு வந்த இருவர் தாளைப் பார்த்துப் படித்தவை. ஒருவர் முடித்த பிறகே மற்றவர் வாய் திறந்திருக்கிறார். எந்த வீட்டில் அப்படிப் பேசுகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்போடு சித்தி வீட்டுக்குப் போனாள். சித்தி இரண்டு பதிவையும் கேட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, போலாம்" என்றாள்.

இருவரும் உள்ளே நுழைந்தும் அம்மா மெஷினை விட்டுத் தலை நிமிரவில்லை.

"அக்கா, நீ சொல்லியிருக்கே. எனக்குத்தான் வந்து சேரலை."

"நீ வாயை மூடியிருந்தா வந்திருக்கும்."

"தப்பு என் மேலதாம்மா. நான் எழுதினதுதான் முழுங்கிடுச்சு" என்றாள் மகள்.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஊசியில நூலைக் கோத்துக் குடு" என்று தங்கையிடம் நீட்டினாள். அவ்வளவுதான் சமாதானம்.

அடுத்த வாரம் முழுக்க அவர்கள் இருவரையும் பேசவிட்டுப் பதிவு செய்தாள். இருவர் குரலும் சேர்ந்து வரும்போது கழிப்பதை எங்கே நிறுத்துவது என்று அதை வைத்துத் திருத்தினாள். மேனேஜர் முகம் சுளித்தார். "லேசா எதிரொலி வருதே."

"வரட்டும் சார். பேச்சு காணாமப் போறதை விட அது தேவலை."

இரண்டு மாசம் வாதாடி அதை விற்பனைப் போன்களுக்கு அனுப்ப வைத்தாள்.

வீட்டுப் போனிலும் புதியதைப் போட்டாள். அன்று சாயங்காலம் அக்காவும் தங்கையும் ஒரு மணி நேரம் பேசினார்கள்.

"இப்ப எப்படி சித்தி இருக்கு?" என்று கேட்டாள் மகள்.

"பழசே பரவாயில்லடி. அவ சொல்றது மொத்தமும் கேக்குது."