எல்லாவற்றுக்கும் 'யெஸ்' சொன்ன கப்பல்காரர்

ஞாயிற்றுக்கிழமை சாயங்கால லைவுக்காகப் போனும் கையுமாகக் காத்திருந்தேன். வந்தது சேவியர் அண்ணனின் மனைவி பிலோமி அக்காவின் வாய்ஸ் நோட். "உங்க அண்ணன் போயிட்டாருப்பா. நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." அவ்வளவுதான். அண்ணனின் யூடியூப் சேனலைப் பார்க்கும் நீங்களும் அன்று என்னைப் போலவே லைவுக்குக் காத்திருந்திருப்பீர்கள்.

துறைமுகத்திலிருந்து கப்பல்காரர்களை ஊருக்குள் அழைத்து வரும் வேன் டிரைவர் அவர். இங்கிலீஷ் ஆட்சிமொழியாக இருக்கும் நாட்டுக்காரர் யாராவது ஏறினால் விடமாட்டார். ராயபுரத்தில் வேனை ஓரங்கட்டி, "பஸ்ஸு வர்ல, மழ ஊத்துது, உங்க ஊரு இங்கிலீஷ்ல எப்டி பொலம்புவீங்கோ?" என்பதைத் தன் இங்கிலீஷில் கேட்பார். நைஜீரியாக்காரர் ஒருவர் 'வஹாலா', அதாவது தொல்லை, என்றதும் துள்ளினாரே, "மாமு, இது நம்ம பேஜாரு!" அந்த வீடியோவுக்குப் பிறகுதான் ஃபிஜி எங்கே, மால்டா எங்கே, அங்கெல்லாம் இங்கிலீஷ் எப்படிப் போனது என்று தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அவரை நேரில் பார்க்கத் திருவொற்றியூரிலிருந்து பஸ் ஏறிப் போன அன்று, கேமரூன்காரர் ஒருவர் வேனில் இருந்தார். 'அங்கே இங்கிலீஷ் ஆட்சிமொழி!' என்று கமெண்டில் எல்லோரும் குதித்தார்கள். அண்ணன் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "யெஸ்." பிரியாணி பிடிக்குமா? "யெஸ்." நான்தான் உன் மாமியார், தெரியுமா? அதற்கும் "யெஸ்!"

சிரித்துக்கொண்டிருந்த அண்ணன் சட்டென்று லைவை நிறுத்தினார். அந்த ஆள் வியர்த்துக் கொட்ட, வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து கிளினிக்குக்கு ஓடினோம். இங்கே வலிக்கிறதா? யெஸ். அங்கே? யெஸ். எல்லா ஊசியும் ஒத்துக்கொள்ளுமா? யெஸ். டாக்டர் ஊசியை எடுத்துவிட்டார்.

"டாக்டர், கொஞ்சம் இரு. இவரு என்னையே மாமியாருன்னு ஒத்துகினாரு."

"இங்கிலீஷ் பேசுற நாடுதானேய்யா?"

"நாடு பேசும். இவரு பேச மாட்டாரு போலகீது."

கேமரூனில் பிரெஞ்சும் ஆட்சிமொழி என்று போனில் தேடிச் சொன்னேன். அண்ணன் தன் சேனல் ரசிகர் குழுவுக்கு வாய்ஸ் நோட்டில் கத்தினார்: "பிரெஞ்சு தெரிஞ்சவங்க யாருனா கீறீங்களா? அவசரம்!" புதுச்சேரி அக்கா ஒருவர் உடனே அழைத்தார். அவருடன் பேசியதும் அந்த ஆள் கண்ணில் தண்ணீர். முன்பொரு முறை வலிக்கு ஊசி போட்டு முகம் வீங்கி, மூச்சே நிற்கப் பார்த்ததாம். மருந்தின் பெயரையும் சொன்னார். டாக்டர் கையில் இருந்ததும் அதே மருந்துதான். அதைக் கீழே வைத்துவிட்டார்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது அண்ணன் சொன்னார்: "மேப்புல கலர் அட்ச்சுட்டா வாயி மாறிடுமா நைனா?" அதற்குப் பிறகு வந்த எல்லா வீடியோவிலும் அவருடைய முதல் கேள்வி உங்களுக்கே தெரியும்: "வூட்ல அம்மாகிட்ட இன்னா பாஷை பேசுவ?"

அடக்கம் முடிந்த மறுநாள், அன்று என் நம்பரை வாங்கிக்கொண்ட அந்தக் கேமரூன்காரரிடமிருந்து வாய்ஸ் நோட் வந்தது. நீளமானது. நடுநடுவே "சேவியர், சேவியர்" என்பது மட்டும் புரிந்தது. புதுச்சேரி அக்காவுக்கு அனுப்பினேன். "தம்பி, இது பிரெஞ்சே இல்ல" என்றார்.

பிலோமி அக்கா அதை இரண்டு முறை கேட்டார். "இன்னா சொல்றாருன்னு தெரில. ஆனா வூட்டு ஆளுங்ககிட்ட பேசுற மாரி பேசறாருப்பா."

அண்ணனிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். புதுச்சேரி அக்காவிடம் பிரெஞ்சில் எழுதி வாங்கி, அன்றே அவருக்கு அனுப்பிவிட்டேன்: "இது அம்மாவிடம் பேசும் பாஷையா? அதன் பெயர் என்ன?"