தணிகாசலம், பி.ஏ. ஃபெயில்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். கட்டுமரம் தள்ளிய கை இது. பேனாவையும் துடுப்பைப் போலத்தான் பிடிக்க வருகிறது. இந்த மூன்று வரி எழுதுவதற்குள் வாசலில் இருந்த வெயில் வேலிக்குப் போய்விட்டது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது. துக்கம் எழுத உட்கார்ந்தவன் சந்தோஷம் என்று எழுதக் கூடாதுதான். அறுபதைத் தாண்டிய பிறகு முதல்முறையாக ஒரு முழுப் பக்கம் எழுதுகிறவனுக்கு வேறு எப்படி இருக்கும்?

நான் முனுசாமி, நெம்மேலிக் குப்பத்துக்காரன். வருடா வருடம் மகாபலிபுரம் சவுக்குத் தோப்பில் நீங்கள் கூடும்போது மீன் வறுத்துத் தருகிற கிழவன் என்றால் தெரியும். வக்கீல் ராஜவேலு சார் இதை உங்கள் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது.

செய்தி பஸ்ஸில் வந்தது. கோவளத்தில் மீன் கூடையோடு நின்றிருந்தேன். கண்டக்டர் படியில் தொங்கியபடியே, "அண்ணாத்த, உங்க தணிகாசலம் வாத்தியாரு காலையில செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில பூட்டாரு. கூடையை மேல போடு, நேரமாவுது" என்றார். கூடையை மேலே ஏற்றிவிட்டுத்தான் அழுதேன். மீன் காத்திருக்காது.

முதியோர் கல்வி வகுப்பு நடத்த அவர் எங்கள் குப்பத்துக்கு வந்த முதல் நாள், நாங்கள் மாலை போட்டோம். அதைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "எனக்கு வேற எங்கயும் வேலை கிடைக்கல, அதான் இங்க வந்துகீறேன். இதுல நீங்களும் பெருமைப்படாதீங்க, நானும் பெருமைப்படல" என்றார். "சார் இன்னா படிச்சுகீறீங்க?" என்று ஒருவன் கேட்டான். "பி.ஏ. ஃபெயில்" என்றார், சொந்த ஊரைச் சொல்வதுபோல. இங்கிலீஷ் ஒன்றில்தான் போயிற்றாம். எத்தனையோ தரம் எழுதியும் வரவில்லையாம்.

அவர் எங்களிடம் அன்பாக இருந்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் முதன்முதலில் என் பெயரை எழுதிக் காட்டியபோது, ஸ்லேட்டை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். "பாருங்கடா, பெருசு பேர் எழுதிகீது. இது மூனாவா, வலையில மாட்டிச் செத்த நண்டா?" என் சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். வாத்தியார் உள்ளங்கையால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஸ்லேட்டை என் மடியில் போட்டார். மறுநாளும் துடைத்தார். பல நாள் கழித்து ஒரு சாயங்காலம் துடைக்காமல் திருப்பிக் கொடுத்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அந்த ஸ்லேட்டை அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பெண்டாட்டியிடம் காட்டினேன். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இனி உங்கள் விஷயம். நீங்கள் செங்கல்பட்டிலிருந்து ஒரே ரயில் பெட்டியில் பட்டணத்துக் காலேஜுக்குப் போய்ப் படித்தவர்கள். படிப்பு முடிந்து இத்தனை வருடம் கழித்தும் கூடுகிறீர்கள். ஒவ்வொருவரும் எழுந்து அந்த வருடத்துச் செய்தியைச் சொல்ல வேண்டும். பிரமோஷன், மாடி வீடு, ஸ்கூட்டர், பெண்ணுக்கு வரன். எல்லாம் என் அடுப்படிக்குக் கேட்கும். கடைசியில் அவர் எழுந்து, "இந்த வருஷமும் ஃபெயில்" என்பார். அதற்காகவே காத்திருந்ததுபோலச் சிரிப்பீர்கள். பாஸ் பண்ணாதவன்தான் பாத்திரம் தேய்க்க வேண்டும் என்பது ராஜவேலு சார் போட்ட சட்டம். "டேய் ஃபெயிலு, சட்டி அடியில கரி கீது பாரு" என்று அவர் குரல் கொடுப்பார். நாற்பது வயது மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்து தேய்ப்பார்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு வருடம் பாங்கு ஜெயராமன் சார் தன் பிரமோஷனைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். இவர் சாம்பல் கையோடு நிமிர்ந்து, "மச்சான், பரீட்சையில என் பேப்பரைப் பார்த்துத்தானே எழுதினே? நான் ஃபெயில், நீ பாஸ். ஒழுங்கா காப்பியடிக்கக்கூட உனக்குத் துப்பில்லடா" என்றார். ஜெயராமன் சாரின் மாமனார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் இவர் சொன்னார்.

திரும்பும் வழியில் வாத்தியாரிடம் கேட்டேன்: "இன்னாத்துக்கு சார் இந்த பேஜாரு? போவாம இருந்தா இன்னா?"

"நான் போவலன்னா அவனுங்க ஒருத்தனை ஒருத்தன் பார்த்து வயிறு எரிவானுங்க, பெருசு. நான் போனா எல்லாரும் வூட்டுக்குப் போய் நல்லா தூங்குவானுங்க."

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது மஞ்சள் காமாலை கண் வரைக்கும் ஏறியிருந்தது. இளநீர் கொண்டு போயிருந்தேன். அதைத் தொடவில்லை. "சுவத்துல இன்னா எழுதிகீது, படி" என்றார். இங்கே எச்சில் துப்பக் கூடாது என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். "நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள ஒருத்தன் ரெண்டு தரம் துப்பிட்டுப் பூடுவான்" என்றார்.

அங்கிருந்து கோர்ட்டுக்கு நடக்கிற தூரம்தான். ராஜவேலு சாரிடம் போய்ச் சொன்னேன். "அடுத்த மாசம் மகாபலிபுரத்துல எப்படியும் பார்க்கப் போறோமே, பெரியவரே" என்றார். வந்து அதை அப்படியே வாத்தியாரிடம் சொன்னேன். "கரெக்டு. எனக்காக வாய்தா வாங்குவானா அவன்?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுதான் நான் கேட்ட கடைசிப் பேச்சு.

போன ஞாயிற்றுக்கிழமை கூடினீர்கள். அவருடைய செய்தியை ராஜவேலு சார் சொன்னார். தேடி வந்த உத்தியோகங்களை உதறிவிட்டு, ஏழை மீனவரின் அறியாமை இருளை நீக்கத் தன்னையே எரித்துக்கொண்ட தியாகி என்றார். நிஜமாகவே அழுதார், கைக்குட்டை நனைந்துவிட்டது. வகுப்பு நடந்த கொட்டகையில் கல் வைப்பது என்று முடிவு செய்தீர்கள். நான் ஏதோ சொல்ல எழுந்தேன். "உக்காருங்க பெரியவரே, உங்க துக்கம் புரியுது" என்றீர்கள். பாத்திரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் தேய்த்தேன்.

நேற்று மகாபலிபுரத்தில் கல் தச்சர் பட்டறைக்குப் போனேன். முகம் வராத பிள்ளையார்களுக்கு நடுவில் அந்தக் கல் இருந்தது. கொத்துவதற்காகக் காவியில் எழுதி வைத்திருந்தார்கள். துணை இல்லாமல், திக்காமல், முழுவதையும் படித்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். பிறகுதான் என்ன படித்தேன் என்பது உறைத்தது: கல்வித் தியாகி தணிகாசலம், பி.ஏ.

"தம்பி, அந்த பி.ஏ.வைக் கொத்தாதே. அவரு பாஸ் பண்ணல" என்றேன், உளியோடு உட்கார்ந்திருந்த பையனிடம்.

"செத்தவருக்கு ஒரு பட்டம் குடுத்தா இன்னா தாத்தா நஷ்டம்? இனிமே யாருக்குத் தெரியப் போவுது?"

"எங்க குப்பத்துல இப்ப எல்லாரும் படிப்பாங்க, தம்பி. படிச்சிட்டுச் சிரிப்பாங்க."

எழுதிக் கொடுத்தவர்கள் வந்து சொன்னால் அழித்துவிடுகிறேன் என்றான். ஒரு வாரம் உளி வைக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டான்.

அந்தக் கல்லில் இருக்கிறவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர் வேறு வழியில்லாமல் வந்தவர். எங்களை ஏசினவர். தான் தோற்றதை வருடா வருடம் உங்கள் எதிரில் தன் வாயாலேயே சொன்னவர். உயிரோடு இருந்தபோது அதை வைத்துச் சிரித்தீர்கள். இப்போது அதையும் பிடுங்கிக்கொண்டு, கேட்காத டிகிரியைக் கொடுக்கிறீர்கள். பெயரை மட்டும் விடுங்கள். இல்லையென்றால் ஃபெயில் என்பதையும் சேர்த்து வெட்டுங்கள். அவர் கூச்சப்பட்டதில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நாக்குதான். இத்தனை வருடம் உங்களுக்கு மீன் வறுத்திருக்கிறேன். முள்ளை என் காலடியில் துப்பினாலும் நிமிர்ந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது சொல்ல வருகிறது, எழுதவும் வருகிறது.

இந்த வாரத்துக்குள் உங்களில் ஒருவராவது பட்டறைக்குப் போய்ச் சொல்லுங்கள். போகாவிட்டால் அடுத்த வாரம் இன்னொன்று எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டுவேன். உங்கள் எல்லோருடைய பெயரும் எனக்கு எழுத வரும்.