சின்ன இரண்டு

பத்தாம் வகுப்பில், வகுப்புத் தலைவியான எங்கள் மொனிட்டர் கரும்பலகையில் எழுதிய ஒரு வரி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கண்டி மலைப்பகுதியில், கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை அது. விஞ்ஞான ஆசிரியர் மாற்றலாகிப் போன பிறகு வருடம் முழுக்க வேறு யாரும் வரவில்லை. வகுப்பு சும்மா இருக்கக் கூடாதென்று மொனிட்டரே பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்துச் சொல்லிக் கொடுத்தாள். ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நீர் வரும் சமன்பாடு. இடது பக்கம் ஒட்சிசன் இரண்டு, வலது பக்கம் ஒன்றுதான். கொஞ்சம் யோசித்தாள், H₂O-வின் கடைசியில் ஒரு சின்ன இரண்டைப் போட்டாள். "இப்ப ரெண்டு பக்கமும் சரி வந்திருச்சுல்ல? எல்லாரும் எழுதிக்குங்க!" எழுதிக்கொண்டோம்.

சரி வரவில்லை. சின்ன இலக்கத்தில் கை வைத்தால் பொருளே மாறிவிடும். அவள் எழுதியது நீரே இல்லை, புண்ணில் ஊற்றினால் நுரைக்கிற மருந்து. முன்னால் பெரிய இலக்கம் போட்டுத்தான் சமப்படுத்த வேண்டும். இது எனக்கு மட்டும் தெரியும். சனிக்கிழமைகளில் கண்டிக்கு டியூஷன் போய்க்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். ஊரில் என்னை வாயாடி என்பார்கள். அன்று அந்த வாய் எங்கே போனதோ! அவள் மனம் நோகும் என்றுதான் பேசாமல் இருந்தேன் என்று பல வருடம் எனக்கே கதை சொல்லிக்கொண்டேன். பொய். எனக்கு மட்டும் தெரிந்திருப்பது இனித்தது, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் வந்த சாதாரண தரப் பொதுப் பரீட்சையில் விஞ்ஞானம் சித்தியடைந்ததும் நான் மட்டும்தான். அந்த ஒரு கேள்வியால்தான் மற்றவர்கள் தவறினார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் மேற்கொண்டு படிக்கக் கண்டிக்குப் போன பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் இல்லை. பிறகு நான் விஞ்ஞான ஆசிரியையானேன். இப்போது ஊருக்குப் போனால் கதிரை எடுத்துப் போட்டு உட்காரவைப்பார்கள். அதுவரை பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிடுவார்கள். மொனிட்டர் ஒருத்திதான் அன்றுபோலவே "வாடி" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

போன மாதம் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு கண்டியில் என் வீட்டுக்கு வந்தாள். "இவளுக்கு சயன்ஸ் சொல்லிக் குடுடி. சமன்பாடு மட்டும் நானே பழக்கிட்டேன்" என்றாள் பெருமையாக.

கொப்பியைத் திறந்தேன். பக்கம் பக்கமாகச் சின்ன இரண்டுகள். பிள்ளைக்கு அடுத்த வருடம் பரீட்சை. இந்த முறையும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? சிவப்புப் பேனையை எடுத்து ஒவ்வொன்றாகத் திருத்திக் காட்டினேன்.

மொனிட்டர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அன்னைக்கு எல்லாருக்கும் பிழையாவா சொல்லிக் குடுத்தேன்?"

"ம்" என்றேன்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். "அன்னைக்கே தெரியும்" என்றேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கொப்பியை மூடி மகளின் பையில் வைத்தாள். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"பஸ் போயிரும். சனிக்கிழமை புள்ளைய அனுப்பி வைக்கிறேங்க டீச்சர்" என்றாள்.